எடை சரி, வயிற்றுச் சுற்றளவு மட்டும் அதிகம்: 60-க்கு மேல் நுரையீரலுக்கு இது எவ்வளவு பொருட்டு?

அளவுநாடா (கேள்வி)

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றாலே பேச்சு புகையில் தொடங்கி புகையில் முடியும். இப்போது தொப்பையையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரு மாதிரி ஆளை வைத்துக்கொள்வோம். ஆண், வயது 67, உயரம் 166 செ.மீ., எடை 68 கிலோ. பிஎம்ஐ (உயரத்தை வைத்து எடையை மதிப்பிடும் எண்) 24.7 வருகிறது, யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் வயிற்றுச் சுற்றளவு 101 செ.மீ. கை கால் மெலிவு. புகையை விட்டு 20 ஆண்டு ஆகிறது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, குனிந்து காலணி மாட்டினாலும் வாங்குகிறது.

கேட்க விரும்புவது மூன்று. தொப்பை நோயையே உண்டாக்குகிறதா, அல்லது மூச்சை அமுக்குவதோடு சரியா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? சிஓபிடி வந்தவர்களில் ஒல்லியானவர்கள்தான் சீக்கிரம் இறக்கிறார்கள் என்றும் படிக்கிறேன், அப்படியானால் எடையைக் குறைக்கச் சொல்வது முரண் இல்லையா?

---

எண்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பலரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 2014-இல் கனடிய மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அமெரிக்காவில் 50 முதல் 70 வயதுள்ள, தொடக்கத்தில் சிஓபிடி இல்லாத 1,13,279 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். அதற்குள் 3,648 பேருக்குப் புதிதாக நோய் கண்டறியப்பட்டது. புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், வயிற்றுச் சுற்றளவு மிக அதிகமாக இருந்தவர்களுக்கு ஆபத்து 72 சதவீதம் கூடுதலாக இருந்தது. வாரத்துக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்தவர்களுக்கு 29 சதவீதம் குறைவு. பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருந்தவர்களுக்கும் ஆபத்து 56 சதவீதம் கூடுதல். 

இதில் கவனிக்க வேண்டியது வெட்டுப்புள்ளி. 72 சதவீதம் என்பது ஆண்களில் 118 செ.மீ.க்கும் பெண்களில் 110 செ.மீ.க்கும் மேலே இருந்தவர்களுக்கான எண். உங்கள் மாதிரி ஆளின் 101 அந்தக் கட்டத்துக்குள் வராது. அந்த எண்ணை எடுத்து இவர் தலையில் வைக்கக் கூடாது. அதற்காக 101 பரவாயில்லை என்றும் அர்த்தமில்லை: ஆண்களுக்கு 102-க்கு மேல் மிகுந்த ஆபத்து, 94-க்கு மேல் கூடிய ஆபத்து என்பது பொதுவான உலக அளவுகோல், தெற்காசிய வம்சாவளியினருக்கு ஆண்கள் 90, பெண்கள் 80 என்று இன்னும் கீழே வைத்திருக்கிறார்கள். ஆனால் அவையெல்லாம் நீரிழிவையும் இதயத்தையும் மனதில் வைத்துப் போட்ட கோடுகள். நுரையீரலுக்கென்று தனிக்கோடு இல்லை.

அடுத்து ஆய்வின் பலவீனங்கள். சுற்றளவை அவரவரே நாடா வைத்து அளந்து எழுதினார்கள். நோயையும் அவரவரே சொன்னார்கள், எல்லோரையும் ஊதவைத்துச் சோதிக்கவில்லை. தொப்பையால் வந்த மூச்சிரைப்புக்கு யாராவது மருத்துவர் சிஓபிடி என்று பெயர் வைத்திருந்தால் அதுவும் இந்த 3,648-க்குள் இருக்கும்.

காரணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதும் தெளிவில்லை. புகைப்பவர்கள் எடையில் குறைவாக இருந்தாலும் கொழுப்பை வயிற்றில் சேர்ப்பார்கள். மூச்சு வாங்கத் தொடங்கியவர் நடையைக் குறைப்பார், தொப்பை கூடும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட நாள் எடுத்தவருக்கு மருந்தே கொழுப்பை வயிற்றுக்கு நகர்த்தும். மறுபக்கம், உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு சும்மா கிடப்பதில்லை என்பதும் உறுதி. ஐஎல்-6, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைக் கசியவிடும். அழற்சியைத் தணிக்கும் அடிப்போநெக்டின் குறையும். அது மூச்சுக்குழாய்ச் சேதத்தை வளர்க்கிறது என்பது நம்பத்தக்க ஊகம், நிரூபணமான காரணம் அல்ல. தொடர்பு உண்டு என்ற இடத்தோடு நான் நின்றுகொள்கிறேன்.

---

ஊதுகுழல்

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், இதுலதான் நிறைய பேர் தடுமாறுறாங்க.

மொதல்ல தொப்பை என்ன பண்ணுதுன்னு பாருங்க. சாதாரணமா மூச்சை விட்ட பிறகும் நுரையீரல்ல கொஞ்சம் காத்து மிஞ்சும். வயித்துக் கொழுப்பு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற மூச்சுத் தசையை) கீழேர்ந்து மேலே தள்ளுறதால இந்த மிச்சக் காத்துதான் முதல்ல அடிவாங்கும். பிஎம்ஐ 20 உள்ளவரோட ஒப்பிட்டா, பிஎம்ஐ 30-லயே மிச்சக் கொள்ளளவு கிட்டத்தட்ட 75 சதவீதமா இறங்கிடும். அதுக்கு மேல முக்கி வெளியே விடக்கூடிய கையிருப்புக் காத்து பாதிக்கும் கீழே, 47 சதவீதத்துக்குப் போயிடும். ஆனா மொத்தக் கொள்ளளவு பெருசா குறையாது. அதனாலதான் எக்ஸ்ரே சரியா இருக்கு, ஆளுக்கு மட்டும் இரைக்குது.

வயசானவங்களுக்கு இது ஏன் மோசம்? வயசாக வயசாக நுரையீரலோட அடிப்பக்கத்துச் சின்னக் குழாய்கள் சீக்கிரமா மூடிக்கும். நல்ல ஆரோக்கியமான ஒருத்தருக்கே, உட்கார்ந்த நிலையில 65 வயசு வாக்குல, சாதாரண மூச்சு முடியற இடமும் குழாய் மூடற இடமும் ஒண்ணா வந்துடும். படுத்த நிலையில 44 வாக்குலயே. இதுக்கு மேல தொப்பை வேற தள்ளினா அடிப்பகுதி ஒவ்வொரு மூச்சுலயும் மூடி மூடித் திறக்கும். ரத்தம் அங்கே போகும், காத்து போகாது, ஆக்சிஜன் அளவு லேசா சரியும். 30 வயசுல அதே தொப்பை தாங்கும், 67-ல தாங்காது.

இப்ப பிரிக்கற வழி. ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாய்ல ஊதவெச்சு மூச்சை அளக்கற சோதனை, தவிர வேற வழி இல்ல. ஸ்டெதஸ்கோப்பை வெச்சும் சொல்ல முடியாது, எக்ஸ்ரேயை வெச்சும் முடியாது. மூச்சுக்குழாயை விரிக்கற சால்பியூட்டமால் மருந்தை 400 மைக்ரோகிராம் இழுக்கவெச்சு, 10-லேர்ந்து 15 நிமிஷம் விட்டு ஊதணும். முதல் விநாடியில வெளிய வந்த காத்தை (எஃப்இவி1) மொத்தமா ஊதின காத்தால (எஃப்விசி) வகுத்தா 0.70-க்குக் கீழே வரணும். வந்தா அடைப்பு. தொப்பை மட்டும் இருந்தா ரெண்டு எண்ணும் சேர்ந்து இறங்கும், விகிதம் அப்படியே நிக்கும்.

தப்பு நடக்கற இடங்கள்:

பெரிய வயிறு உள்ளவங்க 3 விநாடியில ஊதறதை நிறுத்திடுவாங்க. அப்ப எஃப்விசி உள்ளதைவிடக் குறைவா பதிவாகும், விகிதம் செயற்கையா ஏறும், இருக்கற அடைப்பு மறைஞ்சுபோகும். கோடு தட்டையாகற வரைக்கும், வயசானவங்கன்னா 6 விநாடிக்குக் குறையாம, ஊதவைக்கணும். சிஓபிடி இருந்தா 10, 12 விநாடிகூட ஆகும்.

மூணு ஒழுங்கான ஊதல் வேணும், அதுல சிறந்த ரெண்டுக்கும் வித்தியாசம் 150 மில்லிக்குள்ள இருக்கணும். ஒரே ஒரு தடவை ஊதவெச்சு அச்சடிச்சுக் கொடுத்த தாளை நம்பாதீங்க.

பெல்ட்டைத் தளர்த்தணும். முதுகு நிமிர்ந்து உட்காரணும். வயிறு முட்ட சாப்பிட்டு வந்து ஊதக் கூடாது. பல்செட் நல்லாப் பொருந்தினா கழட்ட வேண்டாம், உதடு இறுக்கமா பிடிக்க அது உதவும். குறுகிய நேர இன்ஹேலரை 4 மணி நேரம் முன்னாடியே நிறுத்திருக்கணும்.

உயரத்தை அன்னிக்கே அளக்கணும், 'எவ்வளவு இருக்கும்'னு கேட்டு எழுதக் கூடாது. கூன் விழுந்தவங்களுக்கு ரெண்டு கையையும் விரிச்ச நீளத்தை வெச்சுக் கணக்கு போடணும்.

இன்னொண்ணு, 0.70-ங்கற நிலையான கோடு வயசானவங்கள்ல கொஞ்சம் அதிகமாவே நோய்னு காட்டும், ஏன்னா இந்த விகிதம் வயசோட தானாவே இறங்கும். 75 வயசுல 0.68 வந்து, அறிகுறியும் இல்ல, புகையும் இல்லன்னா, அந்த வயசுக்கான கீழ் எல்லையையும் பார்த்துட்டுத்தான் முத்திரை குத்தணும்.

---

அளவுநாடா

மிக்க நன்றி, இருவருக்கும். ஒரு துணைக்கேள்வி. மருந்துக்குப் பின் எஃப்இவி1 1.9 லிட்டர், எஃப்விசி 2.5 லிட்டர், அந்த வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவில் இரண்டும் ஏறக்குறைய 73 சதவீதம் என்று வந்தால்? விகிதம் 0.76. சிஓபிடி இல்லை என்று கோப்பை மூடிவிடலாமா?

---

ஊதுகுழல்

மூட வேண்டாம். விகிதம் சரி, எஃப்இவி1 80 சதவீதத்துக்குக் கீழே. இதுக்கு 'பிரிஸ்ம்'னு ஒரு பேரு இருக்கு, விகிதம் கெடாம அளவு குறைஞ்ச நிலைன்னு அர்த்தம். தொப்பை உள்ளவங்கள்லயும், புகைச்சவங்கள்லயும் அடிக்கடி வரும். நிறைய பேர் அப்படியே இருப்பாங்க, சிலர் நல்ல நிலைக்குத் திரும்புவாங்க, ஒரு பகுதியினர் பின்னாடி அசல் சிஓபிடிக்குப் போவாங்க. அதனால இது நோய் இல்லைங்கற சான்றிதழ் கிடையாது.

அடுத்து செய்ய வேண்டியது மொத்தக் கொள்ளளவும் வாயுப் பரிமாற்றமும் (டிஎல்சிஓ) அளக்கற சோதனை. மொத்தக் கொள்ளளவு சரியா இருந்து, பரிமாற்றமும் சரியா இருந்தா, பழி பெரும்பாலும் வயித்து மேல. பரிமாற்றம் நல்லாக் குறைஞ்சிருந்தா தொப்பையைக் காரணம் சொல்லித் தப்பிக்கக் கூடாது, நுரையீரல் தழும்பாகுதா, எம்ஃபிசிமாவான்னு (காத்துப்பைகள் சிதையற நோய்) சிடி ஸ்கேன்ல தேடணும். முன்னாள் புகைப்பழக்கம் இருக்கறதால இதை விடவே கூடாது.

---

இரவுப்பணி

குறுக்கே வருகிறேன். குனிந்தால் மூச்சு வாங்குகிறது என்ற வரியை யாரும் தொடவில்லை.

குனிந்து 30 விநாடிக்குள் மூச்சு முட்டுவது இதயச் செயலிழப்பின் அறிகுறியாகவும் இருக்கலாம். தொப்பையாலும் வரும், இரண்டாலும் சேர்ந்தும் வரும். காலில் வீக்கம், இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் மூச்சு விட முடிவது, படுத்த சற்று நேரத்தில் எழுந்து உட்காருவது, இவற்றில் ஏதாவது இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் நுரையீரலை மட்டும் துருவிக்கொண்டிருப்பது வீண். ரத்தத்தில் என்டி-ப்ரோபிஎன்பி (இதயச் செயலிழப்பில் ஏறும் பொருள்) பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: உடற்பருமன் உள்ளவர்களுக்கு அந்த எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வரும். சாதாரணமாக இருக்கிறதே என்று இதயத்தை விட்டுவிடாதீர்கள்.

குறட்டையும் பகல் தூக்கமும் உண்டென்றால் உறக்க மூச்சுத்தடை சோதனையும் வேண்டும். இந்த ஆளின் பிஎம்ஐயில் உடற்பருமன் சார்ந்த மூச்சுக்குறைவு நோய் வராது, அதற்கு பிஎம்ஐ 30 தாண்ட வேண்டும். ஆனால் 30 தாண்டிய வேறு யாராவது இதைப் படித்தால்: ரத்தத்தில் பைகார்பனேட் 27-க்கு மேல் இருந்தால் தமனி ரத்தத்தில் கரியமில வாயுவை அளக்கச் சொல்லுங்கள். பகலில், விழித்திருக்கும்போதே, அது 45 மி.மீ.க்கு மேல் இருந்தால் வெறும் தொப்பைப் பிரச்சினை அல்ல.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்து மட்டும் நிம்மதி அடைவோர் பலர். கறுத்த தோலில் அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், குளிர்ந்த விரலிலும் நகப்பூச்சிலும் தடுமாறும். உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுவது மாடி ஏறும்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லாது.

---

மெதுநடை

மூன்றாவது கேள்விக்கு வருவோம். முரண் இல்லை. 'ஒல்லி', 'குண்டு' என்று எடையைப் பார்ப்பதால்தான் முரண் போலத் தோன்றுகிறது.

சிஓபிடி முற்றும்போது தசை கரையும். மூச்சு விடுவதற்கே சக்தி அதிகம் செலவாகும், பசி குறையும், அழற்சி தசையைத் தின்னும். ஆகவே எடை குறைந்தவர் என்பவர் பெரும்பாலும் நோய் முற்றியவர். நோயின் போக்கைக் கணிக்கும் 'போட்' மதிப்பெண் பிஎம்ஐ 21-ஐயும் அதற்குக் கீழேயும் பாதகமாக எண்ணுவது இதனால்தான். அங்கே உயிரைக் காப்பது மீந்திருக்கும் தசைதான். தொப்பைக்கு அதில் பங்கு இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் சொல்லும் 24.7 பிஎம்ஐ, 101 செ.மீ., மெலிந்த கை கால் என்ற சேர்க்கை எனக்கு 110 செ.மீ. வயிறும் பருத்த தொடையும் உள்ளவரைவிடக் கவலை தருகிறது. தசை குறைவு, கொழுப்பு வயிற்றில். முதலில் தசையைச் சோதியுங்கள். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 15 விநாடிக்கு மேல் ஆனால் கால் தசை பலவீனம் (ஆசியர்களுக்கு 12 விநாடியே எல்லை). கைப்பிடி வலு ஆணுக்கு 27 கிலோவுக்குக் கீழ், பெண்ணுக்கு 16-க்குக் கீழ் என்றாலும் அப்படியே (ஆசிய அளவுகோலில் 28, 18).

இந்த நிலையில் 'ஐந்து கிலோ இறக்குங்கள்' என்பது மோசமான அறிவுரை. வெறும் உணவைக் குறைத்து இறக்கினால் போகும் எடையில் கணிசமான பங்கு தசை. அதைத் திருப்பி ஏற்றுவது இந்த வயதில் கடினம், கொழுப்பு மட்டும் சுலபமாகத் திரும்பி வரும். இலக்கு தராசில் வேண்டாம், நாடாவில் வைக்கலாம்: மூன்று மாதத்தில் வயிறு 3, 4 செ.மீ. இறங்க வேண்டும், நாற்காலி நேரம் கூடக் கூடாது. எடை அசையாமலே இது நடக்கலாம், நடந்தால் அதுவே நல்ல பலன்.

செய்முறை. எதிர்ப்புப் பயிற்சி வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. தொடை, புட்டம், முதுகு, தோள் ஆகிய பெரிய தசைகள். ஒவ்வொன்றும் 8 முதல் 12 முறை, முதலில் ஒரு சுற்று, இரண்டு வாரம் கழித்து இரண்டு சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை போதாது. நாற்காலியிலிருந்து எழுவதே ஒரு நல்ல தொடக்கம். எழும்போது மூச்சை விடவும், உட்காரும்போது இழுக்கவும். பாரம் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கும் பழக்கம்தான் இவர்களில் நான் காணும் முதல் தவறு. ரத்த அழுத்தம் எகிறும், தலை சுற்றும்.

நடை வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம். மூச்சு வாங்குபவர் இதை 30 நிமிடத் துண்டுகளாகத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, 5 நிமிடம் நடந்து 1 நிமிடம் நின்று மீண்டும் நடந்தாலும் கணக்கில் சேரும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சிஓபிடி உறுதியானவர் உதட்டைக் குவித்து, இழுத்ததைப்போல இரு மடங்கு நேரம் எடுத்து மூச்சை விட்டபடி நடந்தால் தூரம் கூடும். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நின்றுவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும்.

புரதம் நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம். 68 கிலோவுக்கு 68 முதல் 82 கிராம், மூன்று வேளைக்கும் பிரித்து. இரவு ஒரே வேளையில் கொட்டுவதால் பயன் குறைவு. சிறுநீரகம் கடுமையாகப் பழுதானவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது, அவர்கள் கேட்டுக்கொண்டே ஏற்ற வேண்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி. அது வயிற்றுக் கொழுப்பை மட்டும் தனியாகக் கரைக்காது, எலும்பு தேய்ந்தவருக்கு முதுகெலும்பு நொறுங்கும் அபாயமும் உண்டு. மற்றொன்று, தொப்பையை இறுக்கும் பட்டை. கொழுப்பு செய்யும் அதே வேலையைப் பட்டையும் செய்கிறது: உதரவிதானம் இறங்க இடமில்லாமல் போகும். அதைக் கட்டிக்கொண்டு நடப்பவர்கள் மூச்சு வாங்குகிறது என்று குறைப்படுவதைப் பார்த்தால் என்ன சொல்வது.

பிரெட்னிசோலோனால் தொப்பை வந்திருந்தால், அதைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். சில வாரங்களுக்கு மேல் எடுத்தவருக்கு அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும், திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகக் குறைப்பதும் மருத்துவர் கையில்தான்.

---

அளவுநாடா

மூன்று மாத இலக்கு நாடாவில் என்றால் நாடாவை எங்கே வைப்பது? தொப்புளில் 101, அதற்கு மேலே 97 வருகிறது. எதை எழுதுவது?

---

எண்கணக்கு

தொப்புளை விட்டுவிடுங்கள், வயிறு தளர்ந்தவர்களுக்கு அது கீழே இறங்கியிருக்கும். பக்கவாட்டில் விரலால் தடவி கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைக் கண்டுபிடியுங்கள், பிறகு இடுப்பெலும்பின் மேல் முகட்டை. இரண்டுக்கும் நடுவில் பேனாவால் புள்ளி, இருபுறமும். இழுபடாத நாடா, தரைக்கு இணையாக, தோலின் மேல், அமுக்காமல். கால்கள் சேர்ந்து, கைகள் தளர்ந்து. சாதாரணமாக மூச்சு விட்டு முடியும் நேரத்தில் படிக்க வேண்டும், வயிற்றை எக்கினால் எண் பொய். இரண்டு முறை அளந்து 1 செ.மீ.க்குள் இருந்தால் சராசரி, இல்லாவிட்டால் மீண்டும். சில நாடுகளில் இடுப்பெலும்பின் முகட்டிலேயே வைத்து அளப்பார்கள், அதுவும் சரி, ஆனால் ஒருவருக்கு இன்று ஒரு இடம் நாளை ஒரு இடம் என்று மாற்றக் கூடாது. காலையில், கழிவறை போய்வந்த பின், வெறும் வயிற்றில் என்றால் ஒப்பிடலாம்.

சுற்றளவை உயரத்தால் வகுத்து 0.5-க்குள் வைத்திருங்கள் என்பார்கள். 97-ஐ எடுத்தாலும் 166-க்கு 0.58, 101 என்றால் 0.61. 0.6 தாண்டினால் உயர் ஆபத்துக் கட்டம். முதியவர்களுக்கு ஒரு சிக்கல்: முதுகெலும்பு அமுங்கி 4 செ.மீ. உயரம் போனால் கொழுப்பு ஏறாமலே விகிதம் ஏறும், வயிறும் முன்னே பிதுங்கும். ஒரு வாரத்துக்குள் சுற்றளவு 3, 4 செ.மீ. கூடினால் அது கொழுப்பே அல்ல, வயிற்றில் நீர் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

---

ஊதுகுழல்

சுற்றளவு இறங்கின பிறகு திரும்ப ஊதிப் பார்க்கறவங்களுக்கு: அதே கூடம், அதே கருவி, முடிஞ்சா அதே நேரம். ஆறு மாசத்துக்கு முன்னாடி வேண்டாம். புகையே இல்லாதவங்களுக்கும் வயசால வருஷத்துக்கு 25, 30 மில்லி குறையும், அதனால எஃப்இவி1 அப்படியே நின்னாலே லாபம். 100 மில்லி கூடிடுச்சுன்னு ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், ஊதற ஊதல்லயே அவ்வளவு வித்தியாசம் வரும். விகிதம் 0.76-லேர்ந்து 0.70 பக்கமா நகர்ந்திருந்தா மட்டும், வயிறு எவ்வளவு இறங்கியிருந்தாலும், வருஷம் ஒரு தடவை விடாம பாருங்க.